கரை கடக்கும் புயலின் காற்று வேக அளவீடு

கரை கடக்கும் புயலின் காற்று வேக அளவீடு என்பது, வெப்பமண்டலச் சூறாவளி ஒன்று கடலிலிருந்து நிலத்தை அடையும்போது அதன் காற்றின் வலிமையைக் கண்டறிதல் ஆகும். வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் தோன்றும் புயல்களுக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை இப்பணியைச் செய்கிறது. அறிவிக்கப்படும் வேகம் பெரும்பாலும் ஒரு தனிக் கருவி காட்டிய அளவு அன்று. பல தரவுகளிலிருந்து பெறப்படும் மதிப்பீடு ஆகும்.

வரையறை

காற்று எப்போதும் ஒரே சீராக வீசுவதில்லை. எனவே தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில், குறிப்பிட்ட கால அளவுக்கான சராசரி கணக்கிடப்படுகிறது. இது நீடித்த காற்று வேகம் எனப்படும். இந்தியாவில் 3 நிமிடச் சராசரியும், ஐக்கிய அமெரிக்காவில் 1 நிமிடச் சராசரியும் பயன்படுகின்றன. உலக வானிலை அமைப்பின் பொது அளவு 10 நிமிடச் சராசரி ஆகும். கால அளவு குறையும்போது கிடைக்கும் உச்ச மதிப்பு கூடும். ஆகவே ஒரே புயலுக்கு இரு நாடுகள் வெவ்வேறு எண்களைத் தருவது பிழையாகாது. சில நொடிகளே நீடிக்கும் திடீர் வீச்சின் வேகம் இவற்றினும் மிகுதியாக இருக்கும்.

இந்திய வகைப்பாடு (மணிக்கு, கி.மீ.)

* புயல்: 62–88
* தீவிரப் புயல்: 89–117
* மிகத் தீவிரப் புயல்: 118–166
* அதிதீவிரப் புயல்: 167–221
* சூப்பர் புயல்: 222 அல்லது அதற்கு மேல்

அளவிடும் முறைகள்

* காற்றுவேகமானி: கிண்ணங்கள் சுழலும் வேகத்தைக் கொண்டு காற்றை நேரடியாக அளக்கிறது. கடும் புயலில் கருவி உடைவதும் மின்சாரம் தடைப்படுவதும் உண்டு.
* டாப்ளர் ராடார்: மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடுகிறது. தொலைவு கூடக் கூட இதன் கற்றை தரையைவிட்டு உயர்ந்து செல்வதால், தரைமட்டக் காற்றைக் கணித்தே அறிய வேண்டும்.
* துவொராக் முறை: செயற்கைக்கோள் படங்களில் தெரியும் மேக அமைப்பைக் கொண்டு புயலின் வலிமையை மதிப்பிடுகிறது. 1970களில் வெர்னன் துவொராக் இதனை உருவாக்கினார்.

கஜா புயல்

2018 நவம்பர் 16 அன்று அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காரைக்கால், சென்னை ராடார்கள் இதனைக் கண்காணித்தன. இது மிகத் தீவிரப் புயலாக வகைப்படுத்தப்பட்டது. இதன் உச்ச நீடித்த வேகம் மணிக்கு 130 கி.மீ. என மதிப்பிடப்பட்டது. காவிரிப் படுகையில் தென்னை மரங்களும் மின்கம்பங்களும் பெருமளவில் சாய்ந்தன.

புயலின் மிகக் கடுமையான காற்று அதன் கண்ணைச் சூழ்ந்த குறுகிய வளையத்திலேயே வீசுகிறது. அவ்வளையம் ஒரு வானிலை நிலையத்தின் மீது சரியாகக் கடந்து செல்வது அரிது. ஆகையால் நிலையங்களில் பதிவாகும் வேகம் அறிவிக்கப்பட்ட வேகத்தைவிடக் குறைவாக இருக்கலாம். இதைக் கொண்டு எச்சரிக்கை மிகைப்படுத்தப்பட்டது என முடிவு செய்தல் பொருந்தாது.

பயன்பாடு

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் அமையும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி 875இன் மூன்றாம் பகுதி அடிப்படைக் காற்று வேகத்தைச் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர் எனவும், மதுரைக்கு 39 மீட்டர் எனவும் வகுத்துள்ளது. இதன்படி, மற்றக் காரணிகள் ஒத்திருப்பின், சென்னையில் ஒரு சுவர் தாங்க வேண்டிய அழுத்தம் மதுரையில் உள்ளதைப் போல் ஏறத்தாழ 1.6 மடங்காகும். ஒத்தக்கடை உள்ளிட்ட மதுரைச் சமவெளி கடலிலிருந்து விலகியிருப்பதால், புயல் அங்கு வருமுன் நிலத்தின் உராய்வாலும் கடலின் ஈரப்பதம் கிடைக்காமையாலும் வலுவிழக்கிறது. எனினும் தகரக் கூரைகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் எஞ்சிய காற்றும் இடர் தரக்கூடியதே.