ஆறு வயதுக் குழந்தை அறிந்த ஒட்டகம்

சிகரெட் விளம்பரம் குழந்தைகளின் மனத்தில் எவ்வளவு பதிகிறது என்பதை அளந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டது ஓர் அட்டை விளையாட்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டா, அகஸ்டா நகரங்களின் மழலையர் பள்ளிகளில் 3 முதல் 6 வயது வரையிலான 229 குழந்தைகளிடம் 22 வணிகச் சின்னங்கள் அச்சிட்ட அட்டைகள் தரப்பட்டன. எதிரே 12 பொருள்களின் படங்கள் கொண்ட பலகை. சின்னத்தை அதற்குரிய பொருளின்மேல் வைக்க வேண்டும். கேமல் சிகரெட்டின் விளம்பரச் சின்னமான ஜோ கேமல் என்ற கார்ட்டூன் ஒட்டகத்தைச் சிகரெட் படத்தின்மேல் சரியாக வைத்தவர்கள் 3 வயதினரில் ஏறத்தாழ 30 சதவீதம். 6 வயதினரில் 91 சதவீதம். டிஸ்னி சேனலின் மிக்கி மவுஸ் சின்னத்தை அறிந்திருந்த 6 வயதினரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகாத பிள்ளைகள் இவர்கள். சிகரெட் விளம்பரம் அமெரிக்கத் தொலைக்காட்சியை விட்டு விலகி அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆய்வு வெளியானது 1991 டிசம்பரில், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில். சின்னத்தை அறிவதும் புகைக்கத் தொடங்குவதும் ஒன்றல்ல என்ற மறுப்பு நியாயமானதே. ஆனால் அதே இதழில் வந்த இன்னோர் ஆய்வு விற்பனையைப் பார்த்தது. ஒட்டகம் களமிறங்கிய சுமார் மூன்று ஆண்டுகளில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட புகைப்போரிடையே கேமல் சிகரெட்டின் பங்கு 0.5 சதவீதத்திலிருந்து 32.8 சதவீதமாக உயர்ந்ததாக அது மதிப்பிட்டது. பின்னாளில் வழக்குகளின் வழியே வெளிவந்த, கேமலைத் தயாரித்த ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் நிறுவனத்தின் 1970களின் உள்குறிப்புகளில், 14 முதல் 24 வரையிலான வயதினர் வளர்ச்சிக்குரிய வாடிக்கையாளர்களாகவே பேசப்பட்டிருந்தார்கள். பதினான்கு என்ற எண்ணைத் தாளில் எழுதி வைத்தவர்களுக்கு அது யாருடைய வயது என்று தெரியாமல் இருந்திருக்காது.

இந்த வயதைக் குறிவைப்பதற்கு உடற்கூற்றுக் காரணம் உண்டு. தினமும் புகைக்கும் அமெரிக்கப் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரெட்டைத் தொட்டவர்கள். நிக்கோடின் நுரையீரலிலிருந்து சில நொடிகளில் மூளையை எட்டி, அங்குள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது. திட்டமிடுதல், உந்துதலை அடக்குதல் ஆகியவற்றைக் கவனிக்கும் மூளையின் முன்பகுதியோ ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆசை முந்தி வளர்ந்து, கடிவாளம் பிந்தி வரும் பருவம் இது. இப்பருவத்தில் பழகிய மூளை, நிக்கோடின் இல்லாத நிலையையே குறையாக உணரத் தொடங்கிவிடுகிறது.

1971 ஜனவரி 2 முதல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் தடையானதும், அது பத்திரிகைகளுக்கும் சாலையோரப் பலகைகளுக்கும் பனியன், தொப்பிகளுக்கும் இடம்பெயர்ந்தது. ஒட்டகம் வளர்ந்தது அங்கேதான். சான்பிரான்சிஸ்கோ வழக்கறிஞர் ஜேனட் மாங்கினி தொடுத்த வழக்கும் அரசின் நெருக்கடியும் சேர்ந்து, 1997 ஜூலையில் அதை விலக்கிக்கொள்ள வைத்தன. மறு ஆண்டு 46 மாநிலங்களோடு பெரிய நிறுவனங்கள் செய்துகொண்ட உடன்படிக்கை கார்ட்டூன்களையும் பெரும் விளம்பரப் பலகைகளையும் நிறுவனச் சின்னம் பொறித்த உடைகளையும் தடுத்தது.

அதில் இல்லாதது, அன்று இல்லாத பொருள்: மின்சிகரெட். 2015இல் ஜூல் என்ற பென் டிரைவ் வடிவக் கருவி சந்தைக்கு வந்தது. அதன் வேதியியல் கவனிக்கத்தக்கது. சாதாரண நிக்கோடின் காரத்தன்மை உடையது. அளவு கூடினால் தொண்டையை எரித்து, புதியவரை இருமவைத்து விரட்டிவிடும். பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக மாற்றினால் எரிச்சல் தணிகிறது, 5 சதவீத நிக்கோடினும் இதமாக உள்ளே இறங்குகிறது. முதல் இழுப்பில் பிள்ளைகளைக் காத்துவந்த அந்த இருமலும் இல்லாமல் போயிற்று. மாம்பழம், புதினா என்று சுவைகள். வண்ணப் பின்னணியில் துள்ளும் இளைஞர்கள். இவற்றைப் பரப்ப இன்ஸ்டாகிராம். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின்சிகரெட் பயன்படுத்துவோர் 2017இல் 11.7 சதவீதம், 2019இல் 27.5 சதவீதம். 2018 நவம்பரில் ஜூல் நிறுவனம் தன் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் கணக்குகளை மூடிய பிறகும் பிள்ளைகள் தாங்களே படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். விளம்பரத்துக்கு அப்போது விளம்பரதாரரே தேவைப்படவில்லை.

2022இல் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களோடு ஏற்பட்ட 43.85 கோடி டாலர் உடன்பாடு, 35 வயதுக்குக் குறைந்தவர்களை ஜூல் விளம்பரத்தில் காட்டக் கூடாது என்றது. எந்த ஊடகம் என்பதை மட்டும் பார்க்காமல், எது பிள்ளைகளை ஈர்க்கிறது என்பதையும் பார்த்த விதி என்பதால், 1971இன் தடையைவிட இது மேலானது.

உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், எல்லா வகை விளம்பரத்தையும் அனுசரணையையும் நிறுத்தச் சொல்கிறது. அமெரிக்கா அதில் கையெழுத்திட்டும் ஏற்புறுதி செய்யவில்லை. இந்தியா 2004இல் செய்தது. இந்தியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் நேரடி, மறைமுக விளம்பரங்களைத் தடுக்கிறது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு விற்பதையும், கல்விக்கூடங்களிலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பதையும் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் உற்பத்தி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் ஒருசேர மூடியது. ஆனாலும் இரண்டு வாசல்கள் திறந்தே கிடக்கின்றன. ஒன்று, புகையிலைப் பொருளின் பெயரையே தாங்கிய பான் மசாலாவும் ஏலக்காயும் நடிகர்களைக் கொண்டு கிரிக்கெட் ஒளிபரப்புக்கிடையே வருவது. மற்றது, விற்பனையிடத்துக்குச் சட்டம் தந்த விலக்கு. அதன்படி 60 செ.மீ.க்கு 45 செ.மீ. பலகை ஒன்றை எச்சரிக்கை வாசகத்தோடு கடை முகப்பில் வைக்கலாம். மிட்டாய் வாங்க வரும் குழந்தை நிற்பதும் அதே பெட்டிக்கடை முகப்பில்தான்.