தகர டின்னில் ஒரு கடிகாரம்

தறிக்குடோனை ஒட்டிய வீடுகளில் மணி பிளான்ட் பச்சையாக இருப்பதில்லை. பறக்கிற பஞ்சு படிந்து இலை நரைத்துவிடும். அடிக்கடி ஈரத்துணியால் துடைத்தால்தான் அது செடி என்றே தெரியும். தறி ஊரான வெள்ளகோவிலில் அதற்குத் தொட்டியும் தேட வேண்டியதில்லை. எண்ணெய் காலியான 15 கிலோ தகர டின்னின் வாயை வெட்டி, அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டு, தேங்காய் நார்க்கழிவும் மண்ணும் கலந்து நிரப்பினால் போதும்.

இருதுருவ மனநிலைக் கோளாறுக்கும் இந்த டின்னுக்கும் என்ன சம்பந்தம்? நேரம்தான்.

மருத்துவர்கள் ‘பைபோலார்’ என்று சொல்லும் இந்த நோயில், சில வாரங்கள் தூக்கமே தேவைப்படாத துள்ளல். பிறகு படுக்கையை விட்டு எழ முடியாத முடக்கம். இரண்டு நாள் தூக்கம் கெட்டாலே சிலருக்குத் துள்ளல் தொடங்கிவிடும். தறி ஓட்டுகிறவருக்கோ ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட். நோய்க்குப் பிடிக்காததை எல்லாம் தேடிப் பிடித்து அட்டவணை போட்ட மாதிரி ஒரு பிழைப்பு!

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர் இதையே பிடித்துக்கொண்டார். எழுந்தது எப்போது, முதல் ஆளிடம் பேசியது எப்போது, வேலை தொடங்கியது, சாப்பிட்டது, படுத்தது எப்போது என்று நோயாளிகளைத் தினமும் குறிக்கச் சொல்லி, அந்த நேரங்களை மெல்ல மெல்ல நிலைப்படுத்தினார். மருந்தோடு சேர்த்துத்தான். 175 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2005-இல் வெளியானது. நோய் முற்றியிருந்தபோதே இந்தப் பயிற்சியைப் பெற்றவர்களுக்கு அடுத்த தாக்குதல் வரத் தாமதமானது.

காலை ஆறரைக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கேட்கும் செடி, செலவில்லாத கடிகாரம். இன்னொரு வசதியும் உண்டு. ‘மாத்திரை போட்டியா?’ என்று அம்மா கேட்டால் வீட்டில் சண்டை. ‘செடிக்குத் தண்ணி ஊத்துனியா கண்ணு?’ என்றால் சண்டைக்கு இடமில்லை. பதில் வராவிட்டால், இன்று ஆள் சரியில்லை என்று அம்மாவுக்கும் தெரிந்துவிடும்.

அப்படியானால் செடி யாருடையது என்பது முக்கியமாகிறது. 1976-இல் வெளியான ஆய்வுக்காக எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் 91 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். இரு பிரிவினருக்கும் செடி உண்டு. ஒரு பிரிவினர் தாங்களே தேர்ந்தெடுத்துத் தாங்களே வளர்த்தார்கள். மற்றவர்களின் செடிக்கு நர்ஸ் தண்ணீர் ஊற்றினார். மூன்று வாரத்தில் முதல் பிரிவில் 93 சதவீதம் பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலோர் தளர்ந்திருந்தார்கள். அவர்கள் மனநோயாளிகள் அல்லர். செடியோடு வேறு சில உரிமைகளும் தரப்பட்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் மகனின் செடிக்கு அம்மாவே தண்ணீர் ஊற்றிவிடும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

நர்சரிக்காரர்கள் சொல்லும் ‘காற்றைச் சுத்தம் செய்யும்’ கதையை நம்பிச் செடி வாங்க வேண்டாம். அது மூடிய பெட்டிக்குள் நாசா நடத்திய சோதனையிலிருந்து 1989-இல் கிளம்பியது. சன்னலைத் திறப்பதற்குச் சமமாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-இல் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

மாத்திரையின் இடத்தைச் செடி பிடிக்காது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் துள்ளல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-இல் முடிவை வெளியிட்ட லித்தியம் இன்றும் முதன்மையான மருந்து. ஆனால் அது வெயிலோடு ஒத்துப்போகாதது. வியர்வையில் உப்பும் நீரும் போனால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். உடல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் சில வலிமாத்திரைகளும் ஏற்றிவிடும். கை பலமாக நடுங்கினால், நடை தள்ளாடினால், வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சித்திரை மாதத் தறிக்குடோனுக்குள் இருப்பவர் டின்னுக்கு ஊற்றும்போதே தானும் ஒரு சொம்பு குடிப்பது நல்லது.

ஆனால் மருந்து வரை வருகிறவர்களே குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, இந்த நோய் உள்ளவர்களில் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சைக்கு வெளியே இருப்பதாகக் கண்டது. அவர்களில் சிலர் கயிறு கட்டியும் குறி கேட்டும் ஓட்டுகிறார்கள். மனநல உதவி எண்ணான 14416-க்கு இலவசமாகப் பேசலாம்; தமிழிலேயே பதில் வரும்.

துள்ளல் ஏறும்போது நர்சரிக்குப் போய் ஒரே நாளில் நாற்பது செடி வாங்கி வருவதும் நடக்கும். கைமீறிய செலவு இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. அடுத்து வரும் முடக்கத்தில் நாற்பதும் காய்ந்து, குற்ற உணர்ச்சி நாற்பது மடங்காகும். ஒன்றிரண்டு டின் போதும். அதிலும் ஒன்று, மறந்தால் மன்னிக்கும் செடியாக இருக்கட்டும். ‘ஸ்நேக் பிளான்ட்’ என்று விற்கிறார்களே, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் நம்மூர்ச் சொந்தக்காரன் வறண்ட காட்டிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கும். பெயர் மருள். பித்துக்கும் சாமியாட்டத்துக்கும் நம் முன்னோர் வைத்த அதே பெயர். தடித்த இலைக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், இரண்டு மூன்று வாரம் யாரும் திரும்பிப் பார்க்காவிட்டாலும் அது நிமிர்ந்தே நிற்கும்.