விசையை அளத்தல்: நிறை, எடை என்னும் கலைச்சொற்களின் எல்லை

மகாராட்டிர மாநிலத்தின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி 1967-இல் புணே நகரில் நிறுவப்பட்டது. மராத்தி இயற்பியல் பாடங்களில் வடமொழிப் ‘பலம்’ என்னும் சொல்லின் வடிவம் விசையைக் குறிக்கிறது. ‘வஸ்துமான்’ நிறையையும், அரபுவழி வந்த ‘வஜன்’ எடையையும் குறிக்கின்றன. இவற்றுக்கு நேரான தமிழ்ச் சொற்களை அறிதல் எளிது. ஆயினும், அச்சொற்களின் எல்லையை வரையறுப்பது அகராதியன்று. அளவீட்டு முறையே ஆகும்.

விசை நேரே புலனாவதன்று. அதன் விளைவே அளக்கப்படுகிறது. அவ்விளைவு பொருளின் முடுக்கமாகவோ சுருள்வில்லின் நீட்சியாகவோ அமையும். 1 கிலோகிராம் நிறையுள்ள பொருளுக்கு, நொடிக்கு நொடி 1 மீட்டர் என்னும் வீதத்தில் முடுக்கம் அளிக்கும் விசை 1 நியூட்டன் ஆகும். எடை-அளவைகள் பொது மாநாடு 1948-இல் இப்பெயரை ஏற்றது.

எடையும் ஒரு விசையே. நியம ஈர்ப்பு முடுக்கத்தின் மதிப்பு 9.80665. புணேயில் அது ஏறத்தாழ 9.78 மட்டுமே. எனவே, நியம மதிப்பிற்கேற்ப அளவு குறிக்கப்பட்ட சுருள்வில் தராசு, 1 கிலோகிராம் நிறையைப் புணேயில் சுமார் 2 கிராம் குறைத்துக் காட்டும். சமபுயத் தராசில் இவ்வேறுபாடு தோன்றாது. அதன் இரு தட்டுகளிலும் ஈர்ப்பு முடுக்கம் ஒன்றாகவே இருப்பதால், அக்கருவி நிறைகளை ஒப்பிடுகிறது; சுருள்வில் தராசோ விசையை அளக்கிறது.

தமிழ்ச் சொற்களின் பிறப்பு இங்கு நோக்கத்தக்கது. ‘எடை’ என்பது ‘எடு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. தூக்குதற்கு வேண்டிய விசையை நினைவூட்டுவது. ‘நிறை’ என்பது ‘நிறுத்தல்’ என்னும் தொழிலோடு தொடர்புடையது. தராசில் ஒப்பிடுதலைச் சுட்டுவது. வழக்கில் இவ்வேறுபாடு மங்கியது. கடைவீதியில் ‘ஒரு கிலோ எடை’ என்பதில் பிழையில்லை. இயற்பியல் கணக்கில் அதனை அவ்வாறே பெயர்த்தால், விடை ஏறத்தாழ பத்து மடங்கு மாறிவிடும்.

‘விசை’ என்னும் சொல்லுக்கும் எச்சரிக்கை தேவை. ‘விசைத்தறி’, ‘விசைப்படகு’ ஆகிய தொடர்களில் அது எந்திர ஆற்றலால் இயங்குதலைக் குறிக்கிறது. நியூட்டனில் அளக்கப்படும் அளவையன்று. ஆகவே, மொழிபெயர்ப்பாளர் சொல்லைத் தேர்வதற்கு முன், மூலத்தில் எது, எந்த அலகில், எக்கருவியால் அளக்கப்படுகிறது எனக் காண்டல் வேண்டும். அலகு கிலோகிராமாயின் நிறை, நியூட்டனாயின் விசை. ஐயம் நேருமிடத்து இவ்வலகே சொல்லின் பொருளைத் தெளிவாக்கும்.