வெயிலைச் சேமிக்கும் ஓணான்

விருதுநகர், சிவகாசிச் சீமையில் வெயிலுக்கு என்றும் பஞ்சமில்லை. மழை குறைந்த இக்கரிசல் பூமியின் வறண்ட காற்றுதான் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இங்கே வேரூன்றத் துணை செய்தது. அதே வெயிலை நம்பிப் பிழைக்கும் ஜீவன் இன்னொன்றும் உண்டு. வேலியோரக் கல்லின் மீது தலையை நிமிர்த்தி அமர்ந்திருக்கும் ஓணான்தான் அது.

ஓணானைக் கண்டதும் நம் ஊர்ச் சிறுவர்களின் கை கல்லைத் தேடுகிறது. அது ரத்தம் உறிஞ்சும் என்ற வீண் அபவாதம் வேறு. ஆங்கிலேயரும் அதற்கு 'ரத்த உறிஞ்சி' என்றே பெயர் சூட்டிவிட்டார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் கழுத்துச் சிவப்பது தோலிலுள்ள நிறப் பொருளினாலேயன்றி, பிறர் ரத்தத்தைக் குடித்ததனால் அன்று. ஆனால் அதன் சொந்த ரத்தம் செய்யும் வேலை நாம் அறிய வேண்டியதாகும்.

நமது உடல், உண்ட உணவை எரித்து, இரவும் பகலும் ஏறக்குறைய 37 டிகிரி உஷ்ணத்தைக் காத்துக் கொள்கிறது. ஊர்வனவற்றின் உடலில் அத்தகைய அடுப்பு இல்லை. உஷ்ணத்தை வெளியிலிருந்தே பெறவேண்டும். ஆகவே அவற்றைக் 'குளிர் ரத்தப் பிராணிகள்' என்கிறோம். அப்படியானால் வெயிலில் காய்ந்து நிழலில் ஆறும் கல்லைப் போன்றவைதாமா அவை?

அல்ல என்பதை 1963-ல் பார்த்தலோமியூ, டக்கர் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினர். ஓணான் குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியப் பல்லி ஒன்றை அவர்கள் சூடேற்றியும் குளிர்வித்தும் பார்த்தனர். உடலின் உஷ்ணம் ஒரே அளவில் இருந்தபோதும், சூடேறுகையில் இருதயம் விரைந்து துடித்தது. குளிர்கையில் மெதுவாகத் துடித்தது. உடலில் சூடு சீக்கிரம் ஏறி, தாமதமாக இறங்கிற்று.

இந்த வித்தையின் சூட்சுமம் ரத்தக் குழாய்களில் இருக்கிறது. சிறு குழாய்களின் சுவரில் மெல்லிய தசை வளையங்கள் உண்டு. தோலில் வெயில் பட்டதும் அவை தளர்ந்து குழாய்கள் விரிகின்றன. ரத்தம் தோலுக்குப் பாய்ந்து, சூட்டை உள்ளே கொண்டு செல்கிறது. குளிர் வந்ததும் வளையங்கள் இறுகிக் குழாய்கள் சுருங்குகின்றன. சூடு வெளியேறாமல் உள்ளேயே தங்குகிறது. கண்மாய் மடையைக் காலமறிந்து திறந்து மூடும் நீர்பாய்ச்சியின் வேலையை நரம்புகளும், ரத்தத்தில் கலக்கும் சுரப்புகளும், குழாய்களிலேயே ஊறும் சில பொருள்களும் சேர்ந்து செய்கின்றன.

பிற ஊர்வனவற்றிலும் இந்த மடைகள் பல விதமாகப் பயன்படுகின்றன. மரமேறும் பாம்பு செங்குத்தாக நிமிரும்போது ரத்தமெல்லாம் வாலுக்கு இறங்கிவிடாதபடி கீழ்ப்பகுதிக் குழாய்கள் இறுகிக் கொள்ளும். ஆமை நீரில் மூழ்கி மூச்சடக்கும்போது நுரையீரலுக்குச் செல்லும் குழாய் சுருங்கும். இருதயத்தின் கீழறை முழுதும் பிரிக்கப்படாததால், ரத்தத்தின் ஒரு பங்கு நுரையீரலுக்குப் போகாமல் உடலுக்கே திரும்பும்.

இதனால் ஓணானுக்கு என்ன லாபம்? சூட்டுக்காக உணவை எரிக்க வேண்டியதில்லை. அதே எடையுள்ள எலிக்கு வேண்டிய உணவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே அதற்குப் போதும். மழை பொய்த்து, பூச்சி புழுக்கள் அருகிவிட்ட மாதங்களிலும் அது உயிர் தரிப்பது இந்தச் சிக்கனத்தால்தான்.

கல்லின் மேல் அசையாதிருக்கும் ஓணானைச் சோம்பேறி என்று எண்ணிவிட வேண்டாம். அந்நேரத்தில் அதன் மடைகள் திறந்திருக்கின்றன. அன்றைய இரைதேடலுக்கு வேண்டிய சூடு உள்ளே ஏறிக் கொண்டிருக்கிறது. பயிரைக் கெடுக்கும் பூச்சிகளையும் அது தின்கிறது. கல்லெடுக்கும் குழந்தையைக் கண்டிப்பதோடு நில்லாமல், பெற்றோர் இந்த விஷயத்தையும் அதற்கு எடுத்துச் சொல்லலாம்.