"குளுகுளு" காரில் "களகள" சத்தம்!
மலை ஏறும் முன் காது கொடுத்துக் கேளுங்கள்

செம்பட்டி,

திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகும் வழியில் இருக்கிறது செம்பட்டி. கொடைக்கானல் போகும் கார், கார்த்திகை - மார்கழியில் பழனியைக் கும்பிட்டுவிட்டு குமுளி வழியாக சபரிமலை போகும் வேன், எல்லாம் இந்த முக்கு ரோட்டைத் தொட்டுத்தான் போகின்றன.

இதுவரை ரோடு சமதளம். காரும் ஒழுங்காக ஓடும். வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும்தான் வினை!

"அண்ணே, டேஷ்போர்டுக்கு உள்ளே என்னமோ சத்தம் கேக்குதுண்ணே" என்று டிரைவர்கள் ஒர்க்ஷாப்புக்கு வருவது வழக்கமான சங்கதி. அது என்ன சத்தம்? எதற்குப் பயப்பட வேண்டும்? எதற்குப் பயப்பட வேண்டாம்?

களகள

டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவதுபோல் சத்தம் வந்தால், கூலண்ட் குறைந்து குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். காருக்குள் சூடு தரும் ஹீட்டர், என்ஜினைச் சுற்றி வரும் அதே கொதிநீரில்தான் வேலை செய்கிறது. நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. ஆனாலும் அது உள்ளே இருக்கிறது. காற்று அங்கே போய் மாட்டிக்கொள்ளும்.

என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஹீட்டரை முழுசாகத் திருப்பிப் பாருங்கள். சத்தத்தோடு சில்லென்று காற்று வந்தால், கூலண்ட் குறைந்திருக்கலாம். ஊற்ற ஊற்றக் குறைகிறதா? எங்கோ ஒழுகுகிறது. ஒழுகல் வெளியே தெரியாமல், ரிசர்வ் டப்பாவில் குமிழி வந்து, புகைக்குழாயில் ஓயாமல் வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அந்தக் காரில் மலை ஏறவே கூடாது.

கீச்... கரகர...

ஸ்டார்ட் செய்ததும், ஏ.சி. போட்டதும் "கீச்" என்று கத்தினால் பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது தேய்ந்திருக்கும். இது சின்னச் செலவு. சில கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. அறுந்தால் சில நிமிடத்தில் என்ஜின் கொதிக்கும்.

"கரகர" என்று அரைத்தால் வாட்டர் பம்ப் பேரிங்கைப் பாருங்கள். பம்ப்புக்குக் கீழே சொட்டுச் சொட்டாக ஈரம் இருந்தால் சந்தேகமே வேண்டாம், மாற்ற வேண்டியதுதான்.

பயம் வேண்டாம்

ஏ.சி. போடும்போது ஒரு "டக்": கம்ப்ரசர் கிளட்ச் பிடிக்கிறது. நிறுத்தியதும் உள்ளே லேசாக "ஸ்ஸ்": கேஸ் அழுத்தம் சமமாகிறது. சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் பேன் கொஞ்ச நேரம் ஓடுவது பல கார்களில் வழக்கம். புளோயரில் "படபட" என்றால் காய்ந்த இலையோ, காகிதமோ சிக்கியிருக்கும்.

ஆனால் பானெட்டுக்குள் "உஸ்" சத்தத்தோடு ஆவி வந்தால் அது வேறு கதை!

மூடியில் ஆபத்து

சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படிக் கொதிக்காமல் இருக்கத்தான் ரேடியேட்டரை அழுத்தமான மூடி போட்டு அடைத்திருக்கிறார்கள். அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டினாலும் கூலண்ட் கொதிக்காது. சூட்டில் மூடியைத் திறந்தால்? அழுத்தம் விட்டுப்போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். முகமும் கையும் வெந்துபோகும்.

சூட்டு முள் சிவப்பை நோக்கி ஏறினால் முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுசாகப் போடுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். முள் இறங்காவிட்டாலோ, ஆவி வந்தாலோ உடனே ஓரம்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் என்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

அம்பாசடர் பழக்கம்

2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடர் காலத்தில், வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மலை ஏறினார்கள். இன்றைய கார்களுக்கு அது சரிப்படாது. போர் தண்ணீரில் உள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைத்துவிடும். கம்பெனி சொன்ன கூலண்ட்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றினால், ஊர் திரும்பியதும் மாற்றிவிடுங்கள்.

டம்டம் பாறை வளைவில் மெக்கானிக்கைத் தேடுவதைவிட, கீழே செம்பட்டியிலேயே ஐந்து நிமிடம் நிறுத்திப் பார்ப்பது லாபம். காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போதே டப்பாவில் அளவைப் பாருங்கள்.

சத்தம் கேட்டால் பாட்டைக் கூட்டி வைத்து மறைக்காதீர்கள். பாட்டை நிறுத்திவிட்டு, கார் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்!