காரைக்காலிலிருந்து வந்த இரு பெட்டிகள்

வேளாங்கண்ணித் திருயாத்திரை சென்று திரும்புவோர் எவற்றையெல்லாம் கொண்டுவருவர் என்பதை வாசகர்கள் நன்கு அறிவார்கள். புனித எண்ணெய், மெழுகுவர்த்தி, செபமாலை, ஒரு மூட்டை பொரிகடலை, பிள்ளைகளுக்கு ஊதல். 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் புதுவைக்குத் திரும்பிய எங்கள் பங்கு வேனிலோ இவற்றோடு, முழங்காலுக்கு மேல் உயர்ந்து நின்ற இரண்டு மரப்பெட்டிகளும் வந்தன. அவற்றின் பொருட்டு மூவர் இருக்கை இழந்தனர். ஒருவர் பொறுமை இழந்தார். ஆரோக்கிய அன்னையின் திருத்தலத்துக்குச் சென்றவன் பழைய ஒலிபெருக்கி வாங்கித் திரும்பினான் என்று எங்கள் பங்கில் இன்றும் என்னைப் பற்றி ஒரு பேச்சுண்டு. அது உண்மையே. ஆயினும் அதன் காரணத்தை யாரும் முழுமையாகக் கேட்டதில்லை.

என் மாமனார் ஒரு சொல்தா. புதுவைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்கு இச்சொல்லை விளக்க வேண்டும். 1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்பந்தம் சட்டப்படி உறுதியானது 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள். இங்கிருந்தோர் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள அவ்வொப்பந்தம் வழி செய்தது. அவ்வாறு தேர்ந்து, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி, ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பியவர்களையே நாங்கள் சொல்தா என்கிறோம். திரும்பியபோது அவர்கள் தையல் இயந்திரம், வானொலி, இசைத்தட்டுக் கருவி என்று பலவற்றைக் கொண்டுவந்தனர். நம் நாட்டில் வெளிநாட்டுப் பொருளுக்கு வரியும் தடையும் கடுமையாக இருந்த காலம் அது. இன்று அவர்களுடைய மக்கள் பிரான்சில் வாழ்கிறார்கள். வீடுகள் விற்கப்படுகின்றன, அப்பொருள்கள் காந்தி வீதியின் ஞாயிற்றுச் சந்தையில் நடைபாதைக்கு வருகின்றன. (இச்சந்தையின் பொருட்டுக் காலைத் திருப்பலியில் கண் கடிகாரத்திலேயே நிலைத்திருக்கும் ஆண்கள் சிலரை நான் அறிவேன். அவர்களில் ஒருவனாக இருந்ததும் உண்டு.)

மாமனார் கொண்டுவந்தவை ஓர் இசைத்தட்டுக் கருவியும் பதினொரு இசைத்தட்டுகளும். சிறுவயதில் அவர் சம்பா கோவில் என்று நாம் அழைக்கும் ஜென்மராக்கினி அன்னை பேராலயத்தின் பாடற்குழுவில் இலத்தீன் பாடியவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் தமிழில் திருப்பலி வந்ததை மனமுவந்து வரவேற்றார். தமிழ்ப் பாடல்களையும் கற்றார். ஆயினும் பிரான்சில் இருந்த நாள்களில் கிடைத்த விடுமுறையொன்றில், சொலெம் என்னும் சிற்றூரின் பெனடிக்டன் மடத்துக்கு இரயிலேறிச் சென்று, துறவியர் பாடுவதைக் கேட்டுவந்தார்.

அம்மடத்தைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. பிரெஞ்சுப் புரட்சியில் கலைக்கப்பட்ட அதை 1833-இல் தொம் கெராஞ்சே மீண்டும் எழுப்பினார். அங்குள்ள துறவியர் ஐரோப்பிய நூலகங்களின் பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கி, சிதைந்து போயிருந்த கிரகோரியன் இசையை மீட்டெடுத்தனர். 1903-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றிய ஆணையை வெளியிட்டபோது, அவர்தம் உழைப்பு உலகத் திருச்சபைக்கே பயன்பட்டது. 1930 முதல் அவர்களுடைய பாடல்கள் இசைத்தட்டுகளில் வெளிவந்தன. பிற்காலத் தட்டுகளில் பாடற்குழுவை நடத்தியவர் தொம் ஜோசப் கஜார். மாமனாரின் பதினொரு தட்டுகளில் ஒன்பது அவர் நடத்தியவை.

எண்பத்தோராம் வயதில் மாமனாரின் செவி மங்கிற்று. பேரப்பிள்ளைகள் கத்திப் பேசினர்; அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மருத்துவர் ஒருவர் எங்களுக்குச் சொன்னதை இந்த இதழின் குடும்பங்கள் பலவும் அறிந்திருத்தல் நலம். முதுமையில் முதலில் மறைவது உயர்ந்த சுருதி. ச, ஸ, ஃப போன்ற மெல்லிய ஒலிகள் அவ்வுயரத்தில்தான் வாழ்கின்றன. அவை மறைந்தால் பேச்சு காதில் விழும், சொல் விளங்காது. கத்துவதால் பெருகுவது உயிரெழுத்தின் ஓசையே. விளங்காத சொல் விளங்காமலே இருக்கும். எதிரே அமர்ந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேச வேண்டும். தாழ்ந்த சுருதியோ நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆண்குரல்கள் பாடும் இலத்தீன் இசை அநேகமாக அந்தத் தாழ்ந்த எல்லைக்குள்ளேயே நடக்கிறது.

“அப்படியானால் அப்பாவுக்குப் பாட்டுக் கேட்க வேண்டுமே?” என்றாள் என் மனைவி. கேட்கவில்லை. ஏனெனில் அவருடைய கருவியோடு வந்த ஒலிபெருக்கி என்றோ பழுதாகி, அதன் இடத்தில் உள்ளங்கையளவு ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அதில் ஐம்பது துறவியர் பாடினாலும் தகரக் கூரையில் மழை பெய்வது போலத்தான் இருந்தது.

இதன் காரணத்தை அறிய நான் சிறிது படித்தேன். 1925-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்து ரைஸ், கெல்லாக் என்னும் பொறியாளர் இருவர் விவரித்த முறையே இன்றளவும் பெரும்பாலும் வழக்கில் உள்ளது. காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டத்துக்கேற்பச் சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றை அசைக்கிறது. தாழ்ந்த சுரத்தை எழுப்ப நிறையக் காற்றை அசைத்தாக வேண்டும். சிறு கூம்பால் அது ஆகாது. பெட்டியில் அடைக்காத கூம்பாலும் ஆகாது. முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆகவே பெரிய கூம்பும் கனத்த பெட்டியும் வேண்டும். கடைத்தெருவில் எங்கள் வசதிக்கு எட்டிய புதிய பெட்டிகள் கல்யாணப் பந்தலுக்கு ஏற்றவை. ‘டம் டம்’ என்று அதிர்ந்தன. தெளிவானவற்றின் விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் குடையை விரித்துக்கொண்டு வெளியே வந்தோம்.

அந்நாளில் காரைக்காலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாமனாரோடு இராணுவத்தில் இருந்தவர் ஒருவர் இறந்து ஓராண்டாயிற்று. அவர்தம் துணைவியார் வீட்டை விற்றுவிட்டு மகனிடம் பிரான்சுக்குச் செல்கிறார். கணவரின் இரு ஒலிபெருக்கிப் பெட்டிகளை எடுத்துக்கொள்ள யாரேனும் உண்டா என்று கேட்டிருந்தார். பழைய சாமான் வியாபாரி ஒருவர், உள்ளிருக்கும் காந்தத்தையும் செம்பையும் எடைபோட்டு 900 ரூபாய் சொன்னாராம். “சாமியார்களின் பாட்டை எடைக்குப் போடச் சொல்கிறான்” என்று அந்த அம்மையார் எழுதியிருந்தார்.

மனைவி சீட்டுப் பணம் 8,000 ரூபாயை எடுத்து வைத்தாள். அது மாவரைக்கும் இயந்திரத்துக்கென்று சேர்த்தது. நான் தயங்கினேன். “பழைய இயந்திரம் இன்னும் ஓராண்டு அரைக்கும். அப்பா ஓராண்டு இருப்பாரா என்பது நமக்குத் தெரியாது. போய் வாருங்கள்” என்றாள்.

காரைக்கால் நம் புதுவை மாநிலத்தின் பகுதியே எனினும், நடுவே கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி என்று தமிழ்நாட்டு ஊர்களைக் கடந்து 130 கிலோமீட்டர் செல்ல வேண்டும். பேருந்து நடத்துநர் எவரும் அத்தகைய பெட்டிகளை ஏற்றமாட்டார். தனி வண்டி வாடகை, பெட்டியின் விலையோடு போட்டியிட்டது. அப்போதுதான் பங்கு வேன் நினைவுக்கு வந்தது. திருவிழாவுக்குச் சென்று திரும்பும் வழியில் காரைக்கால் இருக்கிறதல்லவா? யாத்திரைக் குழுவை நடத்திய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயாவிடம், ‘இரண்டு சிறு பெட்டிகள்’ என்று சொல்லி அனுமதி பெற்றேன். ‘சிறு’ என்னும் அச்சொல்லை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சேர்த்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழா முடிந்து, மறுநாள் காலை நாகூர் வழியே காரைக்கால் அடைந்தோம். கூடத்தில் தட்டுமுட்டுச் சாமான்கள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் இருந்த இடத்தில் வெளிறிய சதுரம் மட்டும் எஞ்சியிருந்தது. மூலையில் பெட்டிகள், ஒரு வெள்ளைத் துணிக்கு அடியில். பின்பலகையில் கபாஸ் என்னும் பெயரும், சம்பான் என்னும் வகைப்பெயரும் இருந்தன. பிரெஸ்த் துறைமுக நகரைச் சேர்ந்த அந்நிறுவனம் தன் ஒலிபெருக்கிகளுக்குப் படகுகளின் பெயரை இடும் வழக்கமுடையது.

பழைய ஒலிபெருக்கி வாங்க எண்ணுவோர் பார்க்க வேண்டியவை சில உண்டு. கூம்பின் விளிம்பு கடற்பஞ்சு போன்ற நுரைப்பொருளால் ஆனதாயின், நம் கடற்காற்றிலும் வெப்பத்திலும் அது சில ஆண்டுகளிலேயே பொடியாகிவிடும். விரல் பட்டதும் உதிரும். துணி விளிம்பு நெடுநாள் நிற்கும். இவற்றில் இருந்தது துணியே. இரு கைவிரல்களால் கூம்பை மெல்ல உள்ளே அழுத்த வேண்டும். கரகரவென்று உரசினால் சுருள் வளைந்துவிட்டது என்று பொருள். பின்பு ஒன்றரை வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளையும் பெட்டியின் முனைகளில் ஒரு கணம் தொட்டால், ‘டப்’ என்ற ஓசையோடு கூம்பு அசையும். இரு பெட்டிகளின் கூம்பும் ஒரே திசையில் அசைகின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிரெதிராக அசைந்தால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும். இவ்வளவையும் நான் செய்து முடிக்கும்வரை அந்த அம்மையார் நின்றுகொண்டே இருந்தார். பணத்தைக் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கி, அதில் 500 ரூபாயைத் திருப்பித் தந்து, “தம்பி, புதுவையில் அவருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுங்கள்” என்றார். வேன் புறப்பட்டபோது அவர் வாசலுக்கு வரவில்லை.

ஒன்றைத் தூக்க இருவர் வேண்டியிருந்தது. தலைமையாசிரியர் ஐயா பெட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மேற்கூரையில் ஏற்றலாம் என்றால் வானம் கறுத்திருந்தது. ஒரு பெட்டியைக் கடைசி இருக்கையில் தலையணைகளுக்கிடையே படுக்க வைத்தோம். மற்றதை நடுவழியில் நிறுத்தி வேட்டியால் சுற்றினோம். இடமிழந்த பெரியம்மா ஒருவர் அதன்மேலேயே அமர்ந்துகொண்டு, “பாடற்குழுவே எனக்கு நாற்காலி ஆயிற்று” என்றார். கையில் செபமாலை உருண்டுகொண்டே இருந்தது.

காரைக்கால் எல்லையைக் கடந்ததும் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். புதுவை மாநிலத்தில் மது மலிவு என்பதும், அது எவ்வெவ்வழியில் எல்லை கடக்கிறது என்பதும் ஊரறிந்த கதை. வேளாங்கண்ணி வேனில், வேட்டி சுற்றிய கனத்த பெட்டிகள்! காவலர் தட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடம் என்று ஓசை சொல்லிற்று. “திறங்கள்” என்றார். திருகாணிகளைக் கழற்றக் கருவியில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஒலியெழுப்பின. என் பங்கு மக்கள் முன்னே கடத்தல்காரனாக நின்ற அந்நேரத்தில் மின்கலம் நினைவுக்கு வந்தது. முனைகளில் தொட்டேன்: ‘டப்’. மறுமுறை தொட்டேன்: ‘டப்’. காவலர் தாமே வாங்கி மூன்று முறை தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்து அனுப்பிவைத்தார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் தலைமையாசிரியர் ஐயா வாய் திறந்தார். ஆண்டவர் கோவிலிலிருந்து வணிகரை விரட்டிய நிகழ்ச்சியை நினைவூட்டி, யாத்திரை வண்டி சரக்கு வண்டியாகலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் விடையில்லை. மாமனாரின் செவியைப் பற்றி மட்டும் சொன்னேன். சிதம்பரம் வரை அவர் பேசவில்லை. பின்பு, தம் தாயார் கடைசி நான்கு ஆண்டுகள் எதுவும் கேளாமல் இருந்ததையும், வீட்டார் அவரோடு பேசுவதையே விட்டுவிட்டதையும் மெல்லிய குரலில் சொன்னார். புதுவையில் இறங்கியபோது ஒரு பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியவர் அவரே. அப்போது அவருக்கு வயது எழுபது.

பயண அதிர்ச்சியில் ஒரு பெட்டியின் உள்ளே கம்பி இணைப்பு விட்டுப்போயிருந்தது. வானொலி பழுதுபார்ப்பவர் ஒருவர் வந்து பற்றவைத்தார். மூன்றாம் நாள் மாலை, மாமனாரைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தி, பெட்டிகளை அவருக்கு எதிரே ஆறடி தூரத்தில் வைத்து, ‘சால்வே ரெஜினா’ உள்ள தட்டைச் சுழலவிட்டோம். ஒலியைக் கூட்டவில்லை, அளவாகவே வைத்தோம். மனைவி அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வலக்கை மட்டும் நாற்காலியின் கையிலிருந்து எழுந்து, பாடற்குழுவை நடத்துவோர் காற்றில் வரைவது போல, மேலும் கீழும் வளைந்து சென்றது. பாட்டு முடிந்தது. கையை இறக்கினார்.

“மாப்பிள்ளை, தட்டு மெதுவாகச் சுற்றுகிறது. அரைச்சுரம் கீழே பாடுகிறார்கள்” என்றார்.

எனக்கு நம்பிக்கையில்லை. தட்டின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு 33 முறைக்குச் சற்று மேல் சுற்ற வேண்டியது, 31 முறைக்குச் சற்று மேல்தான் சுற்றிற்று. கணக்கிட்டால் ஏறக்குறைய அரைச்சுரமே வருகிறது. பிரான்சிலும் இங்கும் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஆகவே பிழை அதில் இல்லை. தட்டைச் சுழற்றும் ரப்பர்ப் பட்டை தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. எத்தனை ஆண்டுகளாகவோ தெரியாது. அந்தச் சிறிய ஒலிபெருக்கியில் அதை எவரும் கண்டுகொள்ளவில்லை.

புதிய பட்டை சென்னை ரிச்சி தெருவிலிருந்து வர இரு வாரங்கள் ஆயின. அதுவரை மாமனார் நாள்தோறும் மாலையில் இசை கேட்டார். கேட்ட ஒவ்வொரு நாளும் அந்த அரைச்சுரத்தைச் சொல்லி எங்களைக் கடிந்துகொண்டார்.