நாரி நோகாமல் மரவேலை செய்வோம்

மண்வெட்டிக்குப் பிடி போடுகிற விவசாயி கண்ட தடியையும் எடுத்து மாட்டிவிடுவதில்லை. தன் உயரத்தையும் கைவாகையும் பார்த்தே தடியைத் தறிக்கிறார். பிடி குட்டையானால் மாலையில் நாரி உளையும் என்பது அவருக்குத் தெரியும். அதே விவசாயி காணியை விட்டு வந்து, பயிற்சிக் கூடத்தில் ஒரு புதிய இயந்திரத்தின் முன் இருக்கும்போது, அது வைக்கப்பட்டிருக்கும் உயரத்துக்குத் தன் முதுகை வளைத்துக்கொள்கிறார். இயந்திரம் பெறுமதியானது, அதன் இடத்தை மாற்றக்கூடாது என்று எண்ணுகிறார். இந்த எண்ணம் மாறவேண்டும்.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது 'ஸ்குரோல் சோ' எனப்படும் சிறிய மின்வாள். நாடா போன்ற மெல்லிய அலகு மேலும் கீழுமாக ஓட, பலகையை இரு கைகளாலும் திருப்பித் திருப்பி அறுக்கிறோம். விளையாட்டுப் பொருட்கள், முன்பள்ளிக்கான எழுத்துக்கள், பெயர்ப்பலகைகள், பூவேலைகள் ஆகியவற்றை இதில் செய்யலாம். தச்சுக்கொட்டிலில் எஞ்சும் துண்டுப் பலகைகளே பெரும்பாலும் போதும். தையல் மெஷினில் பழகியவர்களுக்கு இதன் போக்கு இலகுவில் பிடிபடும். பாரமான வேலை அல்ல. ஆனால் மணிக்கணக்கில் அசையாது குனிந்திருக்கும் வேலை. கழுத்தும் தோளும் மணிக்கட்டும் நாரியும் இதில் மெதுமெதுவாகப் பழுதாகின்றன.

இது புதிதாகக் கண்ட உண்மையல்ல. 1700ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பேர்ணாதீனோ ரமாற்சீனி தொழிலாளரின் நோய்கள் பற்றி எழுதிய நூலில், தீங்கான பொருட்களோடு, உடலை இயல்புக்கு மாறாக வைத்திருப்பதும் நோய்க்குக் காரணம் என்று காட்டினார். 1857இல் போலந்து அறிஞர் யஸ்ற்செம்போவ்ஸ்கி 'வேலை', 'நியதி' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இத்துறைக்கு 'ஏர்கோனொமிக்ஸ்' என்று பெயரிட்டார். அதன் சாரம் ஒன்றே: வேலையை மனிதருக்குப் பொருத்து, மனிதரை வேலைக்குப் பொருத்தாதே.

உயரம்

நிமிர்ந்து இருந்து, தோள்களைத் தளரவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடியுங்கள். நிலத்திலிருந்து முழங்கை வரையுள்ள உயரமே வாளின் மேசைத்தட்டு இருக்கவேண்டிய உயரம். மிக நுண்ணிய வேலையானால் 5 சென்ரிமீற்றர் உயர்த்தலாம். நின்று வேலை செய்பவருக்கும் இதே அளவுகோல்தான், நின்றபடி அளக்கவேண்டும்.

ஒரே வாளைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் என்ன செய்வது? மேசைத்தட்டை ஆக உயரமானவருக்குப் பொருந்த வைத்துவிடுங்கள். மற்றவர்கள் தத்தமக்கு ஏற்ப இருக்கையை உயர்த்தி, பாதங்களுக்குக் கீழே பலகை வைத்துக்கொள்ளட்டும். கால்கள் தொங்கினால் தொடை விறைக்கும், நாரியும் நோகும். எவருக்கு எந்தப் பலகை என்று பெயர் எழுதி வைத்தால் நாள்தோறும் அளக்கத் தேவையில்லை.

சரிவு

மேசைத்தட்டு மட்டமாக இருந்தால் அலகைப் பார்க்கத் தலையைக் குனிய நேரிடும். தாங்கியின் பின்கால்களுக்கு மரக்கட்டை வைத்து, முழு இயந்திரத்தையும் முன்பக்கம் சற்றுச் சரியுங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே 2 அடியானால், 2 அங்குலக் கட்டை ஏறக்குறைய 5 பாகை சரிவைத் தரும். தாங்கியை நிலத்துடனோ அகலமான அடிப்பலகையுடனோ ஆணியிட்டு முடுக்காமல் இதைச் செய்யக்கூடாது, முன்னே கவிழ்ந்துவிடும்.

அதிர்வு

அதிர்வு விரல்களை விறைக்கச் செய்யும். சீமெந்துத் தரையே நல்லது. கால்களுக்குக் கீழ் பழைய ரயர்த் துண்டுகளை வையுங்கள். தாங்கியின் கீழ்த்தட்டில் ஒரு மணல்மூட்டையை ஏற்றினால் ஆட்டம் பெரிதும் குறையும்.

அலகு

பற்கள் கீழ்நோக்கி இருக்கவேண்டும். அலகைப் பக்கவாட்டில் விரலால் தள்ளினால் 3 மில்லிமீற்றருக்கு மேல் அசையக்கூடாது. அலகு தளர்ந்தாலும் மழுங்கினாலும் பலகையை அழுத்தித் தள்ளுவோம். அந்தப் பலம் தோளிலும் மணிக்கட்டிலும் இறங்கும். அலகு மலிவு, தோள் மலிவல்ல. மாற்றுமுன் மின்சாரத்தைக் கழற்றிவிடுங்கள்.

காலால் இயக்கும் ஆளியைப் பொருத்துவது சிறந்தது. மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். இரு கைகளும் பலகையிலேயே இருக்கும். எமது மின்சாரம் 230 வோல்ற். அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வரும் இயந்திரம் பெரும்பாலும் 120 வோல்றுக்கு உரியது. தகுந்த மின்மாற்றி இன்றி அதை இணைக்கவேண்டாம்.

வெளிச்சமும் தூசியும்

வெளிச்சம் கையின் நிழல் கோட்டில் விழாத பக்கத்திலிருந்து வரவேண்டும். பார்வை குறைந்தவர்கள் குனிவதை விட்டு, கண்ணாடியையோ உருப்பெருக்கி வில்லையையோ பயன்படுத்தட்டும்.

மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. எமது முதிரை மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். மூக்கில் கட்டும் துணி நுண்தூளைத் தடுக்காது. நுண்தூசியை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். முதுகுப் பக்கமாக வரும் காற்று தூளை வெளியே கொண்டுபோகும் வண்ணம் வாளைத் திறந்த சாளரத்தின் அருகே வையுங்கள். கூட்டுமுன் தண்ணீர் தெளியுங்கள். குழந்தைகளை அங்கே உறங்க வைக்கவேண்டாம்.

ஓய்வு

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளைச் சுழற்றி, தூரத்தே பாருங்கள். துண்டுக்கூலிக்கு வேலை செய்பவருக்கு எழுந்தால் கூலி குறையும் என்ற பயம் இருக்கும். ஆனால் விறைத்த விரலும் களைத்த கண்ணும் கோட்டைத் தவறவிடும். பழுதான துண்டுக்கு எவரும் கூலி தருவதில்லை.

காணியையும் கிணற்றையும் விட்டுவந்த குடும்பத்துக்குக் கையிருப்பாக எஞ்சியிருப்பது உழைக்கும் உடல்தான். ஆகவே சங்கங்கள் இயந்திரம் கேட்டு விண்ணப்பிக்கும்போது இருக்கை, கால் ஆளி, விளக்கு, முகக்கவசம் ஆகியவற்றையும் அதே பட்டியலில் எழுதட்டும். இயந்திரம் வந்து சேர்ந்ததும், முதற் பலகையை அறுக்குமுன், அளவு நாடாவை எடுத்து ஒவ்வொருவரின் முழங்கை உயரத்தையும் அளப்போம். அரைநாள் வேலைதான், அதன் பயன் பல ஆண்டுகளுக்கு இருக்கும்.